முன் அனுமதியின்றி வளர்ந்த பெருந்தமனி

கிளிஃபர்ட் தலை குனிந்து வணங்காத ஆள் அந்த நிலையத்தில் ஒருவர்கூட இல்லை. இயக்குநரை வணங்கினார், நிர்வாக அதிகாரியை வணங்கினார், தண்ணீர்க் கேன் கொண்டுவந்தவரை வணங்கினார், ஒரு முறை ஆளில்லாத அறையில் ஜெராக்ஸ் மெஷினையும் வணங்கினார். அவர் பணிவானவர்தான். இருந்தாலும் இவ்வளவு வணக்கத்துக்கும் காரணம் அந்தக் கட்டடத்தின் வாசல்கள்.

அடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், இரண்டு லேத் பட்டறைகளுக்கும் ஒரு டயர் கடைக்கும் நடுவில் அந்த வெள்ளைக் கட்டடம் நிற்கும். 'மரபுவழி இணைப்புத் திசு நோய்கள் உயர் ஆய்வு நிலையம்' என்று பெயர். உடம்பைக் கட்டிப் பிடித்திருக்கும் பசை பிறவியிலேயே கொஞ்சம் தளர்வாக இருப்பவர்களுக்கான இடம். டாக்டர்கள் இதை மார்ஃபான் என்பார்கள். இவர்கள் ஒட்டடைக்கம்பு மாதிரி வளர்வார்கள். கையும் விரலும் நீண்டிருக்கும். வெளியே தெரியாத சமாச்சாரம் ஒன்று உண்டு: இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனி, பழைய பனியனின் கழுத்து மாதிரி வருஷத்துக்கு வருஷம் விரிந்துகொண்டே போகும். ஒரு நாள் கிழிந்தும் போகலாம்.

ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களுக்காகக் கட்டிய அந்த நிலையத்தில் எல்லா வாசலும் ஐந்தடி பத்து அங்குலம். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தவர் இயக்குநர் டாக்டர் சாமிநாதன். அவர் உயரம் ஐந்தடி ஒன்று. மாதிரி வாசலுக்குக் கீழே நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து, "தாராளமா இருக்கே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

வருகிறவர்களிடம் அவர் பெருமையாகச் சொல்வார்: "எத்தனையோ ஆஸ்பத்திரில வேலை பார்த்திருக்கேன். பேஷன்ட்ஸ்கிட்ட இப்படி ஒரு மரியாதையை எங்கயும் பார்த்ததில்ல. ஒருத்தர் விடாம தலை குனிஞ்சுதான் உள்ள வராங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல."

அந்தக் கட்டடத்தில் நோயாளிகளுக்கு உண்மையிலேயே உதவுகிற சிகிச்சை ஒன்று இருந்ததென்றால், அது காவலாளி நஞ்சுண்டப்பாவின் குரல். யார் வந்தாலும், "தலே ஜோபான, சார்!" என்று, தலை பத்திரம் என்பதைக் கன்னடத்தில் ஒரு சத்தமாகக் கொடுப்பார். ஆறடி நாலு அங்குலத் தலை ஒன்று சட்டென்று கீழே இறங்கும். நிலையம் அன்றைக்கு ஒருவரைக் காப்பாற்றிவிட்டது.

கிளிஃபர்ட் விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளிக் கோட்டு, சூட்டு தைக்கும் டெய்லர். தனக்கு இப்படி ஒரு நோய் இருப்பது நாற்பத்தொரு வயது வரை அவருக்குத் தெரியாது. பிரேசர் டவுனிலிருந்து ஓர் இதய டாக்டர், மகன் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க வந்தார். கிளிஃபர்ட் அவர் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தபோது, டாக்டர் டேப் பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கிளிஃபர்டின் மணிக்கட்டைப் பிடித்து அவருடைய விரல்களாலேயே சுற்றிப் பார்க்கச் சொன்னார். கட்டை விரலும் சுண்டு விரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன.

"கோட்டு அப்புறம் தைக்கலாம். நாளைக்கே ஒரு எக்கோ எடுங்க."

எடுத்தார்கள். பெருந்தமனி நாற்பத்துநான்கு மில்லிமீட்டர். ஐம்பதைத் தொட்டால் ஆபரேஷன். அதுவரைக்கும் தினம் ஒரு மாத்திரை, வருஷா வருஷம் எக்கோ. "புதுசா ஒரு மருந்து சோதிக்கறாங்க, போய்ப் பாருங்க" என்று டாக்டரே இந்த நிலையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால் கிளிஃபர்ட் அங்கே போனது மருந்துக்காக இல்லை. லீனாவுக்காக.

லீனாவுக்குப் பதினாலு வயது. ஜனவரியில் ஐந்தடி ஒன்பதரை. ஸ்கூல் பேஸ்கட்பால் டீமின் நடு ஆள். ஜூலையில் மாநில ஜூனியர் டீமுக்கான தேர்வு இருந்தது. அப்பாவின் எக்கோ விஷயம் காதில் விழுந்ததுமே கோச் ஸ்ரீவித்யா மேடம் பந்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். "உனக்கும் இருக்கா இல்லையான்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும் கண்ணா. அதுவரைக்கும் ஸ்கோர் எழுது." இந்த நோய் இருக்கிற குழந்தை கோர்ட்டில் ஓடி முட்டி மோதக் கூடாது. இல்லாத குழந்தையை உட்கார வைப்பதும் பாவம். நிலையத்தில் சேர்ந்தால் பிள்ளைகளின் ரத்தத்தையும் எடுத்து, நோயின் மரபணு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கிளிஃபர்டுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

ஜனவரியில் இருவரும் போய் ரத்தம் கொடுத்தார்கள். கிளிஃபர்டுக்கு அங்கேயும் ஓர் எக்கோ எடுத்தார்கள், அதே நாற்பத்துநான்கு. வாசலில் கிளிஃபர்ட் குனிந்தார். லீனா குனியவில்லை, அவள் தலைக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடம் இருந்தது.

இயக்குநரே மருந்தை விளக்கினார்.

"அதாவது மிஸ்டர் கிளிஃபர்ட், உங்க பெருந்தமனியோட சுவர் வீக்கா இருக்கு. அதைப் பார்த்துட்டு நம்ம உடம்போட எதிர்ப்பு அணுக்கள், போலீஸ்னு வச்சுக்கோங்க, உதவி பண்றேன்னு உள்ள புகுந்து லத்தி சார்ஜ் பண்றாங்க. சுவர் இன்னும் வீக்காயிடுது. எங்க மருந்துக்கு இன்னும் பேர் வைக்கல, நம்பர்தான், 411. அது போலீசை அடிக்காது, வேலையை விட்டும் எடுக்காது. டிரான்ஸ்ஃபர் பண்ணிடும். எலிகள்ல பிரமாதமா வேலை செஞ்சுது."

"எலிங்க இப்ப எப்படி இருக்கு சார்?"

"அந்த ஆய்வு முடிஞ்சுடுச்சு" என்றார் இயக்குநர்.

மார்ச்சில் கிளிஃபர்ட் ரிப்போர்ட் கேட்டுப் போனார். நிர்வாக அதிகாரி அப்பாதுரையின் ஜன்னல் அவருடைய இடுப்பு உயரத்தில் இருந்தது. முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் முழங்கால் போட வேண்டும். கோயிலில் பழகியிருந்ததால் கிளிஃபர்டுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

"ரிப்போர்ட் வந்துருச்சா சார்?"

"வந்து மூணு வாரம் ஆச்சே." அப்பாதுரை டிராயரைத் திறந்து பழுப்புக் கவர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நாலு மூலையிலும் அரக்கு சீல். அதற்கு மேல் செலோ டேப். அதற்கும் மேல் ஸ்டேப்ளர் பின்.

கிளிஃபர்ட் ஜன்னலுக்குள் கையை நீட்டினார். நீண்ட கை, அரை மேஜை தூரம் போய்விட்டது. அப்பாதுரை கவரை இன்னும் பின்னால் நகர்த்தினார்.

"குடுக்க முடியாது. குடும்பத்தாரோட ரிப்போர்ட் பதிவான பங்கேற்பாளருக்கு மட்டும்தான். நீங்க இன்னும் பதிவாகல."

"எப்ப சார் பதிவாவேன்?"

"உங்க நோய் மரபுவழின்னு நிரூபணமானதும். போர்டு பார்த்தீங்கல்ல? மரபுவழி நோய்கள். தானா வந்த கேசை நாங்க எடுக்கறதில்ல. உங்க அப்பா எதுல போனாரு?"

"கோயில்ல கொயர் பாடிட்டு இருந்தாரு சார். திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. நாப்பத்திமூணு வயசு."

"சர்டிஃபிகேட்ல?"

"மாரடைப்புன்னு போட்டிருக்கு."

"அப்ப அவருக்கு இது இல்ல."

"அந்தக் காலத்துல யார் சார் எக்கோ எடுத்தாங்க? ஆள் என்னை மாதிரியேதான் இருப்பாரு."

"எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் சொல்வாங்க." அப்பாதுரை பேனாவை மூடினார். அவர் கெட்டவர் இல்லை. வழி ஏதாவது கிடைக்குமா என்று விதிமுறைப் புத்தகத்தை நிஜமாகவே புரட்டினார். முகம் மலர்ந்தது. "இதோ இருக்கு பாருங்க! மேலேர்ந்து வந்தாலும் சரி, கீழ இறங்கினாலும் சரி. உங்க பொண்ணுக்கு இருந்தா நீங்க மரபுவழி. உடனே பதிவு."

"என் பொண்ணுக்கு இருக்கா சார்?"

"அது கவர்ல இருக்கு."

இருவரும் கவரைப் பார்த்தார்கள்.

"அப்ப கவரைத் திறந்து பார்த்துட்டா…" என்று இழுத்தார் கிளிஃபர்ட்.

"பார்க்கலாமே. நீங்க பதிவானதும்."

பஸ்ஸில் திரும்பும்போது கிளிஃபர்டுக்கு ஒரு நொடி, கவருக்குள் 'இருக்கிறது' என்று எழுதியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடுமே என்று தோன்றிவிட்டது. தோன்றிய கையோடு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எந்தக் கோயில் என்று தேடினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் லீனா, "அந்த அங்கிள் டிராயர் எவ்ளோ உயரம் டாடி? ஒரே ஜம்ப்ல எடுத்துட்டு வந்துடட்டுமா?" என்றாள். அவளுடைய பந்து வலையில் கட்டி பீரோ மேல் இருந்தது. எட்டாத இடம் என்று அம்மா வைத்தது. அந்த வீட்டில் எட்டாத இடம் அம்மா ஒருத்திக்குத்தான் உண்டு.

"ஜம்ப்பும் கிடையாது, கிம்ப்பும் கிடையாது. போய் ஸ்கோரை எழுது" என்றாள் நோரா. அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இந்தாங்க, மாமாவோட கல்யாணக் கோட்டு பீரோல இருக்கே. அந்தக் கையைப் பார்த்தா எந்த டாக்டருக்கும் புரியுமே?"

கிளிஃபர்ட் அவளையே பார்த்தார். பதினேழு வருஷமாக டெய்லரோடு குடித்தனம் செய்தால் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

ஏப்ரலில் நெறிமுறைக் குழு கூடியது. நோயாளிகளுக்கு அநியாயம் எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தக் குழுவின் வேலை. ஒன்பது பேர், ஒன்பது பிளேட் கோடுபளே முறுக்கு. மேஜைக்கு நடுவில் கிளிஃபர்டின் அப்பாவுடைய கோட்டைக் கிடத்தினார்கள். சாம்பல் கலர், உள்ளே பட்டு லைனிங், நாப்தலின் வாசனை. பக்கத்தில் கல்யாண ஃபோட்டோ: அதே கோட்டில் ஓர் ஒட்டடைக்கம்பு, அதன் விலா எலும்பு உயரத்தில் மணப்பெண்.

"இது அவரோட கோட்டுதான்னு எப்படித் தெரியும்?" என்றார் வக்கீல் உறுப்பினர்.

"ஃபோட்டோல இடது கைப் பட்டன் ஒண்ணு வேற மாதிரி இருக்கு பாருங்க சார். இங்கயும் அதேதான்" என்றார் கிளிஃபர்ட்.

"கோட்டு அவர் ஒப்புதலோட வந்திருக்கா?"

"அவர் ஓசூர் ரோடு கல்லறையில இருக்காரு சார்."

"விலாச மாற்றம்" என்று அப்பாதுரை குறித்துக்கொண்டார்.

கை இவ்வளவு நீளம் இருக்க முடியாது, தைத்ததில் ஏதோ தப்பு என்று ஓர் உறுப்பினர் சந்தேகப்பட்டார். விஞ்ஞானத்தில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் பரிசோதனைதான் வழி. இயக்குநர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். கோட்டு அவரை முழுசாக ஏற்றுக்கொண்டது. தோள் முழங்கையில் உட்கார்ந்தது, கைகள் முழங்காலைத் தாண்டித் தொங்கின, கீழ்ப்பட்டன் பூட்ஸைத் தொட்டது. அந்தக் கோலத்திலேயே அவர் அறையை ஒரு சுற்று நடந்தார்.

"சந்தேகமே இல்ல" என்றது கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "இவருக்கு மார்ஃபான்தான்."

தீர்மானம் இப்படி எழுதப்பட்டது: 'மறைந்த தந்தையின் கோட்டு குழுவின் முன் நேரில் ஆஜராயிற்று. அதன் நோய் மரபுவழி என ஒருமனதாக ஏற்கப்பட்டது.'

கிளிஃபர்ட் கவருக்குக் கையை நீட்டினார். "ஒரு எக்கோ மட்டும் பாக்கி" என்றார் அப்பாதுரை. "பெருந்தமனி நாற்பதுலேர்ந்து நாற்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். சும்மா சம்பிரதாயத்துக்கு."

மே மாதம் சம்பிரதாயம் நடந்தது. எக்கோ எடுப்பவர் சாந்தகுமாரி. இருபத்தொரு வருஷ அனுபவம், கைராசிக்காரர் என்று பெயர். மெஷின் புதியது, பிளாஸ்டிக் உறைகூட முழுசாகப் பிரிக்கவில்லை. அளந்தார். மறுபடி அளந்தார். "நாற்பத்தாறு வருதே அண்ணா" என்று மெதுவாகச் சொன்னார்.

நாலு மாதத்தில் இரண்டு மில்லிமீட்டர்.

விஷயம் இயக்குநர் அறைக்குப் போனது. அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

"மிஸ்டர் கிளிஃபர்ட், உங்களை நம்பி நாங்க ஒரு கமிட்டி கூட்டினோம். ஒன்பது பேர் வேலையை விட்டுட்டு வந்தாங்க. நான் கோட்டு போட்டுக்கிட்டேன். கூட்டம் முடியற வரைக்குமாவது உங்க பெருந்தமனி பொறுத்திருக்கலாமில்ல?"

"நான் எதுவும் பண்ணல சார்."

"யாருமே வேணும்னு பண்றதில்ல. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே."

நடைமுறை என்பது ஆறு பக்கப் படிவம். தலைப்பு: 'முன் அனுமதியின்றி ஏற்பட்ட வளர்ச்சிக்கான விளக்கம்'. முதல் கேள்வி: 'வளர்ச்சி எந்தத் தேதியில் தொடங்கியது?' இரண்டாவது: 'தொடங்குமுன் நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா? இல்லையெனில் ஏன்?' மூன்றாவது: 'இனி இவ்வாறு நிகழாது என்பதற்கு உறுதி.' கீழே பெருந்தமனியின் சார்பில் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

கிளிஃபர்ட் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கடையில் கத்தரிக்கோலைத் தொடவில்லை. நாலு மாதத்துக்கு இரண்டு என்றால் ஐம்பதுக்கு எத்தனை மாதம் என்பது கணக்கு தெரியாதவனுக்கும் தெரியும். அப்பாவுக்கு நாற்பத்து மூன்று. அவருக்கு இப்போது நாற்பத்தொன்று. நோராவிடம் சொல்லவில்லை. லீனாவிடம், "சும்மா சம்பிரதாயம்மா" என்றார். அவள், "இந்த வாரம் ஸ்கோர் எழுதி எழுதி என் கையெழுத்தே அழகாயிடுச்சு டாடி" என்றாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. கோயிலில் நொவேனா ஜெபம், கூட்டத்தில் தெருவே அடைத்திருந்தது. அவர் ஜெபத்துக்குப் போகாமல் நேரே நிலையத்துக்குப் போனார்.

"சாந்தகுமாரி மேடம், ஜனவரில எடுத்த படத்தையும் இப்ப எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல காட்ட முடியுமா? படிவத்துல தேதி எழுதணும். எங்க வளர்ந்துச்சுன்னு பார்த்தாலாவது…"

காட்டினார். கறுப்புத் திரையில் இரண்டு சாம்பல் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் புள்ளிக் கோடு. கிளிஃபர்ட் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கல்யாண சீசனில் சரியாகப் பூட்டாத ஷெர்வானியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. போன தடவை நீங்க உள்ளுக்கு உள்ள அளந்திருக்கீங்க. இந்தத் தடவை மேல் பக்கம் துணியையும் சேர்த்துப் பிடிச்சிருக்கீங்க."

"துணியா?"

"அதான், குழாயோட சுவரு. இதோ, இந்த வெள்ளைக் கோடு. ஜனவரில கோட்டுக்கு உள் பக்கம் வச்சிருக்கு. இப்ப வெளிப் பக்கம் வச்சிருக்கு. துணித் தடிமன் ரெண்டு மில்லி வரும்ல?"

சாந்தகுமாரி திரைக்கு அருகே போனார். புது மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்தார். அதில் மேல் சுவரின் வெளி விளிம்பிலிருந்து அளக்கும்படி போட்டிருந்தது. இத்தனை வருஷமும் அந்த நிலையத்தில் அளந்தது உள் விளிம்பிலிருந்து. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். புள்ளியை நகர்த்தினார். நாற்பத்துநான்கு. மறுபடி அளந்தார். நாற்பத்துநான்கு.

"ஒரு நூல்கூட வளரலண்ணா! இருபத்தொரு வருஷமா எக்கோ எடுக்கறேன், எனக்குத் தோணல பாருங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதை விட்டுட்டா பொத்தான் பூட்டாது மேடம்" என்றார் கிளிஃபர்ட். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். சாந்தகுமாரி தன் ஃபிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தார். நிலையத்துக்கு வரத் தொடங்கி நாலு மாதத்தில், படிவம் எதுவும் இல்லாமல் அவருக்குக் கிடைத்த முதல் பொருள் அது.

திருத்திய ரிப்போர்ட்டைப் பார்த்த இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"நாற்பத்தாறுலேர்ந்து நாற்பத்துநாலா? குறைஞ்சிருக்கு!"

"குறையல சார்" என்றார் சாந்தகுமாரி. "நான் அளந்ததுலதான் தப்பு."

"அதெல்லாம் அடிக்குறிப்புல போட்டுக்கலாம்மா. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே இந்த முன்னேற்றம்னா, குடுத்தா எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க!" அவர் யோசித்தார், கண்கள் பனித்தன. "தொடக்க விழா வைக்கறோம். முதல் டோஸ் மேடையிலயே. கவரையும் மேடையிலயே குடுத்துடலாம்."

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை விழா. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பாஸ் மட்டும் என்பதால் நோரா வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டாள். கிளிஃபர்டும் லீனாவும் நாற்காலி ஏற்றி இறக்கும் பின்பக்க ஷட்டர் வழியாகக் கூடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். அன்று அந்த ஷட்டர்தான் அலங்கார நுழைவாயில். தலைமை விருந்தினர் தலைப்பாகையோடு வருவார் என்று தெரிந்ததும், அது வாசலில் இடிக்குமே என்ற கவலை நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஒரு தலையைப் பற்றி யாரோ யோசித்தது அதுதான் முதல் தடவை.

பதினொரு மணி விழாவுக்குத் தலைமை விருந்தினர் ஒன்றே காலுக்கு வந்தார். நஞ்சுண்டப்பாவை வாசலிலிருந்து எடுத்து அவருக்குக் குடை பிடிக்கப் போட்டிருந்தார்கள். மைசூர் மல்லிகையும் ரோஜாவுமாக ஆளுயர மாலைகள் மூன்று, இப்போதுதான் பறித்த மாதிரி பனித்துளியோடு வந்து இறங்கின.

சாந்தகுமாரி மேடைக்குப் பின்னால் ஓடினார். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தார்.

"சார், மாலை எதுல வச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜுலதான். நம்மகிட்ட இருக்கறது ஒண்ணுதானே" என்றார் அப்பாதுரை.

"அதுல இருந்த மருந்து?"

"பத்திரமா ஜன்னல் மேடையில வச்சிருக்கேன். நல்ல காத்தோட்டம்."

காலை ஏழிலிருந்து ஜன்னல் மேடையில். சாந்தகுமாரி தெர்மாமீட்டரை நீட்டினார். முப்பத்திரண்டு டிகிரி. எட்டு டிகிரியைத் தாண்டினால் குப்பைத் தொட்டிதான் என்று குப்பியின் மேலேயே அச்சடித்திருந்தது.

"மாலை வாடிப்போனா தலைமை விருந்தினருக்கு அவமரியாதை இல்லையா?" என்றார் அப்பாதுரை. புதுக் குப்பிகள் வர எட்டு மாதம் ஆகும். அதுவரை மாத்திரையே போதும், பயப்பட ஒன்றுமில்லை என்று சாந்தகுமாரி கிளிஃபர்டின் காதில் சொன்னார். ஆனால் விழாவை நிறுத்த முடியாதே? கிளிஃபர்டை மேடையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, ஊசி போடாமல், ஊசி போட்ட இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரியை மட்டும் ஒட்டினார்கள். கூடம் கைதட்டியது.

இயக்குநர் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"இந்த நிலையம் ஆரம்பிச்சு ஆறு வருஷத்துல எங்க மருந்தால ஒருத்தருக்குக்கூட, நல்லா கேட்டுக்கோங்க, ஒருத்தருக்குக்கூட எந்தப் பக்க விளைவும் வந்ததில்ல. உலகத்துல எந்த ஆய்வு நிலையமாவது இப்படிச் சொல்ல முடியுமா? சிலர் கேப்பாங்க, எத்தனை பேருக்கு மருந்து குடுத்தீங்கன்னு. அவசரப்படறவங்க கேக்கற கேள்வி அது. நாங்க அவசரப்படறதில்ல. நோயாளியோட பாதுகாப்புதான் முக்கியம். மருந்து குடுக்கற வரைக்கும் அந்தப் பாதுகாப்புக்கு எந்தக் குறையும் வராது!"

தலைமை விருந்தினர் கவரை நீட்டினார். நாலு மாதம் டிராயரில் கிடந்த பழுப்புக் கவருக்கு இப்போது ஜிகினா ரிப்பன் கட்டியிருந்தது. கிளிஃபர்ட் பிடித்தார். ஃபோட்டோகிராபர், "சார், விடாதீங்க, ரெண்டு பேரும் பிடிங்க" என்றார். பிடித்தார்கள். "கண்ணு மூடிட்டாரு, இன்னொண்ணு." பிடித்தார்கள். "பேனர் மறைக்குது, கொஞ்சம் குனிங்க சார்." கிளிஃபர்ட் குனிந்தார். முன்வரிசையில் லீனா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது ஃபோட்டோவுக்குப் பிறகு தலைமை விருந்தினர் கவரை விட்டார். அரக்கு, செலோ டேப், ஸ்டேப்ளர் பின் மூன்றையும் கிளிஃபர்ட் பிரித்தார். தையல் பிரிக்கும் கை; காகிதம் கிழியவில்லை. உள்ளே ஒரே ஒரு தாள். இங்கிலீஷில் நாலு பத்தி. அவர் கடைசி வரிக்குப் போனார். மறுபடி மேலேயிருந்து படித்தார். சாந்தகுமாரியிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு லீனாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இல்லம்மா. உனக்கு இல்ல. நீ சும்மா உயரம், அவ்ளோதான்."

மேடை ஓரத்தில் அப்பாதுரையின் முகம் வாடியது. "பொண்ணுக்கு இல்லைன்னா… அப்ப நீங்க மரபுவழி இல்லையே?"

"கோட்டு இருக்கே சார்" என்றார் கிளிஃபர்ட். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று படிவத்தில் எழுத முடியாத நிலை.

லீனா அதற்கெல்லாம் நிற்கவில்லை. "மம்மீ!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். ஏ.சி.க்காகப் பின்பக்க ஷட்டரை இறக்கியிருந்தார்கள். வேப்ப மரத்துக்குக் குறுக்கு வழி, வழக்கமான வாசல்தான். ஜனவரியில் அந்த வாசலில் அவள் தலைக்கு மேல் ஒரு விரல் இடம் இருந்தது. நடுவில் ஐந்து மாதம். பெருந்தமனி வளராத அந்த ஐந்து மாதத்தில் லீனா வளர்ந்திருந்தாள். அவளும் முன் அனுமதி வாங்கவில்லை. வாசலில் நஞ்சுண்டப்பாவும் இல்லை. தூரத்தில், விருந்தினரின் கார் பக்கம், குடைக்குக் கீழே அவர் வாயைத் திறப்பதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

தலைமை விருந்தினர் அதைக் கைதட்டல் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார்.

நோரா ஓடிவந்தாள். லீனா தரையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் கண்ணீருமாக, "இல்லையாம் மம்மீ, எனக்கு இல்லையாம், வலிக்குது" என்றாள். கிளிஃபர்ட் தன் கையில் அதுவரை எந்த வேலையும் செய்யாமல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்து மகள் நெற்றியில் ஒட்டினார். நஞ்சுண்டப்பா பெட்டிக்கடையிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். நிலையத்து ஃப்ரிட்ஜில் மாலை வைத்த இடம் இப்போது காலிதான். ஆனால் அதைத் திறக்க ஒப்புதல் வேண்டும்.

அப்பாதுரை ஒரு படிவத்தோடு குனிந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் குனிந்ததை யாரும் முன்னே பார்த்ததில்லை. 'பாதக நிகழ்வு அறிக்கை. காரணம்:' என்றிருந்தது. கிளிஃபர்ட் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். லீனாவை நிற்கவைத்து அளந்தார். ஐந்தடி பத்தே முக்கால். வாசலை அளந்தார். பிறகு டெய்லர் கையெழுத்தில் எழுதினார்: 'ஆள் அளவு சரி. வாசலை ஆளை அளக்காமல் தைத்திருக்கிறார்கள்.'

ஜூலை தேர்வில் லீனா நெற்றியில் வீக்கம் வற்றிய மஞ்சள் கறையோடு ஆடி, மாநில டீமில் எடுக்கப்பட்டாள். கிளிஃபர்ட் மாத்திரையைத் தொடர்கிறார். புதுக் குப்பிகளுக்கும் காத்திருக்கிறார். சாந்தகுமாரி எக்கோ மெஷின் மேல் 'துணி சேர்க்காமல்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்.

நிலையத்தின் ஆண்டறிக்கை பளபளப்பான தாளில் வெளிவந்தது. அட்டையில் ஐந்தாவது ஃபோட்டோ. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ஓர் அட்டவணை:

'மருந்து 411. மருந்து பெற்றோர்: இல்லை. பெருந்தமனி சுருக்கம்: ஒருவருக்கு, 2 மி.மீ. பக்க விளைவு: ஒருவருக்கு, நெற்றி வீக்கம், 31 மி.மீ. (தோலையும் சேர்த்து).'